வீடு நம்முடையது... விதி யாருடையது?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தபோது செங்கல், சுண்ணாம்பு, மரம் வாங்கும் கஷ்டத்தைத்தான் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு அந்தப் பழமொழியின் நடுவே இன்னொன்றையும் செருக வேண்டியிருக்கிறது: 'பிளான் அப்ரூவல் வாங்கிப் பார்!'

"நாம சம்பாதிச்ச பணம், நாம வாங்கின மனை. இதிலே சமையலறை எத்தனை அடி இருக்கணும், ஜன்னல் எவ்வளவு பெரிசா வைக்கணும்னு சொல்ல சர்க்காருக்கு என்ன உரிமை?" - வீடு கட்டும் எந்தக் குடும்பத்திலும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் இல்லத்தரசியாகத்தான் இருப்பார். ஏனென்றால் நகையை அடகு வைத்துக் கொடுத்தவரும் அவர்தான், ஸ்டோர் ரூமுக்கு இடமில்லாமல் போகிறதே என்று தவிப்பவரும் அவர்தான்.

கேள்வி நியாயமானது. ஆனால் எல்லா விதிகளையும் ஒரே தட்டில் வைத்து 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லிவிட முடியாது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

விதி எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் 'தேசியக் கட்டட விதித் தொகுப்பு' என்று ஒரு பெரிய நூல் இருக்கிறது. முதலில் 1970ல் வெளிவந்தது. பிறகு 1983, 2005, 2016 ஆகிய வருஷங்களில் திருத்தி வெளியிட்டார்கள். இது நிபுணர்கள் சொல்லும் யோசனைதான், அப்படியே சட்டமாகிவிடாது. மாநில அரசு தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் நம்மைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் முன்பெல்லாம் சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, பஞ்சாயத்துக்கு ஒரு விதி என்று இருந்தது. 2019ல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள்.

இந்த விதிகள் யாரோ சும்மா உட்கார்ந்து எழுதியவை என்று நினைக்காதீர்கள். பல விதிகளுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2001 ஜனவரி 26ஆம் தேதி குஜராத்தில் பூமி அதிர்ந்தபோது, பூஜ் நகரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் அகமதாபாத்தில்கூட அடுக்குமாடி வீடுகள் சரிந்தன. கீழ்த்தளம் முழுவதையும் கார் நிறுத்தத் திறந்துவிட்டு, வெறும் தூண்கள் மேல் வீட்டை நிறுத்தி வைத்ததன் ஆபத்தை அன்றைக்குத்தான் பலரும் உணர்ந்தார்கள். 2014 ஜூன் 28ஆம் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் மாண்டார்கள். எத்தனையோ குடும்பங்கள் குடியேறக் காத்திருந்த கட்டடம் அது!

அடுப்படிக்குள் அளவுகோல்

"சமையலறை எவ்வளவு சின்னதா இருந்தா என்ன, நான்தானே நிக்கப் போறேன்?" என்று விட்டுக்கொடுக்கும் பெண்கள் நிறைய. ஹாலைப் பெரிசாக்க வேண்டுமென்றால் முதலில் கத்தரிக்கோல் விழுவது அடுப்படியில்தான்.

இங்கே விதி நம் பக்கம் பேசுகிறது. தேசியத் தொகுப்பின்படி சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 6 அடிக்கு 9 அடி. தனியாக ஸ்டோர் ரூம் இருந்தால் 4.5 சதுர மீட்டர் போதும். அங்கேயே சாப்பாடும் என்றால் 7.5 சதுர மீட்டர் வேண்டும்.

ஜன்னல் விஷயம் இன்னும் முக்கியம். கடலோரப் பகுதி போன்ற ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடங்களில், ஓர் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றும் வெளிச்சமும் வரத் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தொகுப்பு. 10 அடிக்கு 10 அடி அறை என்றால் சுமார் 4 அடிக்கு 4 அடி ஜன்னல். சமையலறைக்கு இதைவிடக் கால் பங்கு அதிகம்! 6க்கு 9 அடுப்படிக்குக் கணக்குப் போட்டால் 3 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று வரும்.

ஏன் இந்தச் சலுகை அடுப்படிக்கு? தாளிக்கும் புகை, எண்ணெய் ஆவி, கேஸ் எரியும்போது வரும் வாயுக்கள், குக்கர் நீராவி எல்லாம் சேரும் இடம் அதுதான். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் அதில் நிற்பவர் நீங்கள். இடுப்பில் குழந்தையோடு நிற்பவரும் உண்டு. கண் எரிச்சலும் இருமலும் தலைவலியும் 'எப்பவும் இருக்கறதுதானே' என்று தள்ளிவிடும் விஷயமல்ல. காற்றோட்டமில்லாத அறையின் ஈரச் சுவரில் பூஞ்சைக் காளானும் பிடிக்கும். இழுப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது.

இந்த ஓர் இடத்தில் 'சர்க்கார் அளவுக்கு மீறித் தலையிடுகிறது' என்று எந்தப் பெண்ணும் சொல்ல நியாயமில்லை. வீட்டு மனிதர்களே மறந்துபோகும் ஆளுக்காக விதி பரிந்து பேசுகிறது!

படியும் கைப்பிடிச்சுவரும்

இடத்தை மிச்சம் பிடிக்க மாடிப்படியைச் செங்குத்தாக ஏற்றிவிடுவது நம்மூரில் சகஜம். வாலிபத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறலாம். கர்ப்பிணியாக இருக்கும்போது? ஈரத் துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போகும்போது? மாமியாருக்கு முழங்கால் வலி வந்த பிறகு?

வீட்டுப் படியின் உயரம் 19 சென்டி மீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. காலை வைக்கும் அகலம் 25 சென்டி மீட்டராவது, அதாவது 10 அங்குலமாவது வேண்டும் என்பது தொகுப்பு சொல்லும் கணக்கு. இதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. கடைசிப் படி மட்டும் ஓர் அங்குலம் கூடினால் போதும், கால் தடுக்கும்.

மொட்டை மாடி, பால்கனி ஓரங்களில் கைப்பிடிச்சுவர் குறைந்தது 1 மீட்டர் உயரம் வேண்டும். மூன்றேகால் அடிக்குச் சற்று அதிகம். விதியில் உள்ளது இவ்வளவுதான். தாய்மார்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அழகுக்காகக் குறுக்குக் கம்பிகளாகப் போட்டால் குழந்தைக்கு அது ஏணி! நெடுக்குக் கம்பியாக, தலை நுழையாத இடைவெளியில் போடச் சொல்லுங்கள். கைப்பிடிச்சுவரை ஒட்டி ஸ்டூல், பூந்தொட்டி வைக்காதீர்கள்.

சுற்றிலும் விடும் இடம்

சண்டை அதிகம் வருவது இங்கேதான். 'செட்பேக்' என்று என்ஜினீயர் சொன்னதும் வீட்டில் எல்லோர் முகமும் சுருங்கும். பொன் விலை கொடுத்து வாங்கிய மண்ணை வெறுமனே விடுவதா?

விட வேண்டிய அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. மனையின் அகலம், தெருவின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பார்த்து மாறும். ஆனாலும் சின்ன மனைக்காரருக்குத்தான் அடி பலமாக விழுகிறது. ஒரு பேச்சுக்கு, முன்பக்கம் 5 அடியும் மற்ற மூன்று பக்கம் 3 அடியும் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 60க்கு 80, அதாவது இரண்டு கிரவுண்டு வைத்திருப்பவருக்கு 4,800 சதுர அடியில் 912 போகும். நூற்றுக்கு 19 பங்கு. 30க்கு 40 அரை கிரவுண்டில் 1,200ல் 432 போகும், நூற்றுக்கு 36. 20க்கு 40 மனை என்றால் 800ல் 352, நூற்றுக்கு 44! ஏழை பாழைகளுக்குத்தான் விதியின் விலை அதிகம். குறுகிய மனைகளுக்குச் சலுகை வைத்திருப்பதன் நியாயம் இதுதான். அந்தச் சலுகை இன்னும் தாராளமாக இருக்கலாம் என்று கேட்பதில் தப்பே இல்லை.

"அந்தக் காலத்து அக்ரகார வீடுகளில் எங்கே சார் செட்பேக்? சுவரோடு சுவர் ஒட்டித்தானே கட்டினாங்க? நல்லாத்தானே இருந்தாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். ஆனால் அந்த வீடுகளின் நடுவே முற்றம் இருந்தது. பக்கத்தில் கிடைக்காத காற்றும் வெளிச்சமும் மேலிருந்து வந்தன. கொல்லைப்புறம் நீண்டு கிடந்தது. நாம் முற்றத்தையும் மூடிவிட்டு, பக்கச் சுவரையும் ஒட்டிவிட்டு, நடு மத்தியானத்தில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது பழைய முறையும் ஆகாது, புது முறையும் ஆகாது. திருவல்லிக்கேணி மாதிரி நெருக்கமாகக் கட்டிப் பழகிய பகுதிகளில் வீடுகள் தொடர்ச்சியாகக் கட்டுவதை விதிகளே தனி வகையாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே விதி நம் பழக்கத்தை முழுக்கப் புறக்கணித்ததாகவும் சொல்ல முடியாது.

இன்னொன்று: நீங்கள் விடும் மூன்றடியும் பக்கத்து வீட்டுக்காரர் விடும் மூன்றடியும் சேர்ந்துதான் இரண்டு வீட்டு ஜன்னலுக்கும் காற்று. ஒருவர் விடாவிட்டால் மற்றவர் விட்டதும் பாதி வீண். தீப்பிடித்தால் தாவாமல் இருக்கவும், கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஆள் நுழைந்து சரிசெய்யவும் அந்தச் சந்துதான் உதவும்.

கிணறும் செப்டிக் டேங்கும்

விதி சரியாக இருந்தும் கடைப்பிடிக்க முடியாமல் போகும் இடம் ஒன்று உண்டு. கழிவுநீர் பூமியில் இறங்கும் உறிஞ்சுகுழியிலிருந்து குடிநீர்க் கிணறு 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது தேசியத் தொகுப்பின் நெறி. மலத்தில் உள்ள கிருமிகள் மண் வழியே கிணற்றுக்கு வராமலிருக்க அந்தத் தூரம். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா, வாந்திபேதி எல்லாம் இந்த வழியில் வரக் கூடியவை. முதலில் படுப்பது குழந்தைகள்தான்.

சரி, 30க்கு 40 மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தால் எவ்வளவு? சரியாக 50 அடி! மனை முழுவதுமே 60 அடி இல்லாதபோது எங்கே போவது? போதாக்குறைக்கு நம் போர்வெல்லுக்குப் பத்தடி தள்ளி, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு செப்டிக் டேங்க் இருக்கும்.

இங்கே இல்லத்தரசியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாதாளச் சாக்கடையும் குழாயில் நல்ல தண்ணீரும் கொடுக்க வேண்டியது சர்க்காரின் வேலை. அது வரும் வரையில் நாம் செய்யக் கூடியது: போர்வெல்லையும் டேங்கையும் எதிரெதிர் மூலைகளில் வைப்பது, பக்கத்து வீட்டு டேங்க் எங்கே என்று தோண்டுமுன் விசாரிப்பது, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது.

செப்டிக் டேங்குக்குக் காற்றுக்குழாய் வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வசதியாக மூடியும் வேண்டும். மூடி மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடாதீர்கள். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். 2013ஆம் வருஷச் சட்டப்படி அப்படி இறக்குவது குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் முறை.

வீட்டுக்குள் சட்டம் நுழையலாமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு உதாரணம்: எடுப்புக் கக்கூஸ். மனிதர் மலத்தை மனிதரே வாரிச் சுமந்த அந்தக் கொடுமைக்கு இடம் தரும் கழிப்பறையைக் கட்டவே கூடாது என்று 1993ல் சட்டம் வந்தது. 'என் வீட்டுக் கொல்லை, என் இஷ்டம்' என்ற வாதம் அங்கே எடுபடுமா? கொல்லை நம்முடையதுதான், சுமந்தது யாருடைய தலை?

மழைநீர் சொன்ன பாடம்

2003ல் தமிழ்நாட்டில் பழைய வீடு, புது வீடு என்ற வித்தியாசமில்லாமல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது என்ன முணுமுணுப்பு! "இதுக்கு ஒரு செலவா?" என்றார்கள். அடுத்த மழைகளில் வறண்ட கிணறுகளில் நீர் ஏறியதைப் பார்த்த பிறகு வாய் அடைத்துப் போயிற்று. ஆனால் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடம் ஏந்தி நின்றபோது, பல வீடுகளில் அந்தக் குழி குப்பையும் மண்ணும் நிறைந்து தூர்ந்து கிடந்தது. கட்டாயப்படுத்திக் குழி தோண்ட வைக்கலாம். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்ய வைக்க எந்த அதிகாரி வருவார்? அது நம் கையில்தான் இருக்கிறது.

எங்கே அளவு மீறுகிறது?

அப்படியானால் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது.

முதல் குறை, அலைச்சல். நாலைந்து அலுவலகம், பத்துப் பதினைந்து காகிதம், 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதில். வாடகை ஒரு பக்கம், வங்கிக் கடன் வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது தாமதமே ஓர் அபராதம்தான். காத்திருக்க முடியாதவர் கையூட்டுக்குப் பணிகிறார்; அல்லது விதியை மீறிக் கட்டிவிடுகிறார்.

இரண்டாவது, மீறியவருக்கே கடைசியில் சௌகரியம். 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு ஒரு வரன்முறைத் திட்டம், 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொன்று என்று பணம் கட்டிச் சரிசெய்துகொள்ள வழி வைத்தார்கள். ஒழுங்காக இடம் விட்டுக் கட்டியவள், 'நான்தான் ஏமாளியோ?' என்று நினைக்கமாட்டாளா?

மூன்றாவது, தண்டனை தப்பான ஆளுக்குப் போவது. அனுமதியில்லாத லே-அவுட்களில் மனை போட்டு விற்றவர்கள் லாபத்தோடு போய்விட்டார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது தவித்தது, சீட்டுக் கட்டிச் சேர்த்து ஒரு மனை வாங்கிய குடும்பங்கள். 2017ல் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. விவசாய நிலத்தில் கல் நட்டு விற்கத் தொடங்கிய அன்றே தடுத்திருந்தால் இந்த வம்பு உண்டா?

ஆக, ஜன்னல் அளவிலும் படி உயரத்திலும் சர்க்கார் அளவு மீறியதாக எனக்குத் தோன்றவில்லை. காகிதத்தில் மீறியிருக்கிறது. நேரில் வந்து பார்க்க வேண்டிய இடத்தில் குறைந்திருக்கிறது.

இப்போது பொறுப்பு உங்கள் தலையில்

அலைச்சலுக்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு, 'விதிப்படிதான் கட்டுகிறேன்' என்று நாமே உறுதி சொல்லி இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். கட்டுமுன் அதிகாரி வந்து பார்க்க வேண்டியதில்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொல்லாமல் சொல்லும் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரி பார்க்காத இடத்தில் யார் பார்ப்பது? மேஸ்திரி 'நான் பாத்துக்கறேம்மா' என்பார். பிளானில் 4 அடியாக இருந்த ஜன்னல், சுவர் எழும்பும்போது 3 அடியாகச் சுருங்கினால் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவரும் உங்கள் வீட்டுக்காரர் அல்லது நீங்கள்தான்!

பிளானில் கையெழுத்துப் போடுமுன்...

* மனைக்கும் லே-அவுட்டுக்கும் அங்கீகாரம் உண்டா என்பதை அலுவலகத்திலேயே விசாரியுங்கள். புரோக்கர் வார்த்தை போதாது.

* சமையலறை ஜன்னல் வெளிப்புறம் திறக்கிறதா? இன்னோர் அறைக்குள் திறக்கும் ஜன்னல் ஜன்னலே அல்ல.

* குளியலறைக்கும் கழிப்பறைக்கும் வெளிக்காற்று வருகிறதா?

* படி உயரம், அகலம் இரண்டையும் எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

* மொட்டை மாடிக்கு நாலாபுறமும் கைப்பிடிச்சுவர் உண்டா? 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருபோதும் விடாதீர்கள்.

* சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் குழந்தையால் தூக்க முடியாத, பூட்டக் கூடிய மூடி.

* மின்சார மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி. ஈரக்கையால் ஷாக் அடித்தால் கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். நல்ல எர்த்தும் வேண்டும்.

* பிற்காலத்தில் மாடி எடுக்கும் எண்ணமிருந்தால் இப்போதே என்ஜினீயரிடம் சொல்லி அஸ்திவாரத்தைக் கணக்குப் போடுங்கள். 'தாங்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்வதை நம்பி மேலே ஏற்றாதீர்கள்.

* ஒப்புதலான பிளானின் ஒரு பிரதி எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கட்டும்போது வாரம் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். பாவாடைக்கும் ரவிக்கைக்கும் அளவெடுக்கத் தெரிந்த நமக்கு ஜன்னலை அளக்கத் தெரியாதா என்ன!